உண்ணியற்ற பள்ளத்தாக்கு

உண்ணிக்கும் மனித குலத்துக்கும் ஆதி நாள் முதல் நடந்துவரும் போரின் கடைசிக் கட்டம், போடி பஜாரில் ஹோசன்னா கால்நடை மருந்தகத்தின் வாசலில், ஷாமியானா போட்டு மைக் கட்டித் தொடங்கியது. போரை அறிவித்தவர் கடையின் உரிமையாளர் செல்வின். அறிவிக்கும்போது அவர் இடது காலால் வலது காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு நீண்டால் யாருக்கும் எங்காவது அரிக்கத்தான் செய்யும்.

"குரங்கணியிலிருந்து கூடலூர் வரை ஒரு மாட்டின் மீதும் ஒரு உண்ணி இராது. இது என் சபதம்" என்றார் செல்வின். பின்னால் கட்டியிருந்த ப்ளெக்ஸில் 'உண்ணியற்ற பள்ளத்தாக்கு இயக்கம்' என்று எழுதி, கீழே அவர் படமும் அவருடைய கோம்பை இன வேட்டை நாய் மேஜரின் படமும் போட்டிருந்தது. படத்தில் செல்வினின் கை மேஜரின் கழுத்தை அன்போடு சுற்றியிருந்தது. கையைத் தனியாகவும் நாயைத் தனியாகவும் படம் எடுத்துக்கொடுக்க, ப்ளெக்ஸ் கடைக்காரர்தான் இரண்டையும் சேர்த்துவைத்தார்.

"அசல் கோம்பை. இதோட ரத்தத்தை உண்ணி குடிக்க முடியாது. குடிச்சா செத்துப்போகும்" என்று மேஜரைப் பற்றிக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

சபதம் சும்மா வந்ததல்ல. மாட்டு உண்ணி, நாய் உண்ணி, பேன், தெள்ளுப்பூச்சி எல்லாவற்றுக்கும் மருந்து செய்யும் ஒரு கம்பெனி, தேனி மாவட்டத்துக்கு ஒரே ஒரு ஏஜென்ட்டைப் போடப்போவதாகச் சொல்லியிருந்தது. போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் செல்வின். இன்னொருவர் உத்தமபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அமானுல்லா. மதுரையிலிருந்து வந்துபோன மண்டல மேலாளர் விஜய்ராஜ், "ஜனங்ககிட்ட யார் பேரு நிக்குதுன்னு பாப்போம் சார்" என்று இரண்டு கடையிலும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு, இரண்டு கடையிலும் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஏஜென்சி கிடைத்தால் அந்தக் கம்பெனி மருந்துக்கு அமானுல்லா செல்வின் கடை வாசலுக்குத்தான் வர வேண்டும். அந்தக் காட்சியைச் செல்வின் மனதுக்குள் அடிக்கடி ஓட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அதில் அமானுல்லா வெயிலில் நிற்பார்.

ஆக, பேர் நிற்க வேண்டும். அதற்காக ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. மாடுகளை வரிசையாக நிறுத்தி, திமிலில் ஆரம்பித்து வால் வரைக்கும் முதுகுத்தண்டின் மேல் கோடு போட்டாற்போல மருந்தை ஊற்றுவார்கள். தேவாரத்தில் பாண்டியம்மாள் தன் பசுவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஊத்துன பொறவு மழை பேஞ்சா மருந்து போயிருமா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். செல்வின் உண்ணியின் கால்களில் தொடங்கி உலக வெப்பம் வரைக்கும் பேசினார். பேசி முடிப்பதற்குள் மழையே பெய்துவிட்டது.

மருந்து என்னவோ நல்ல மருந்து. மாடுகளின் காதுக்குள்ளும் வாலடியிலும் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்த உண்ணிகள் காய்ந்து உதிர்ந்தன. ஆனால் கூட்டத்தில் அது சின்ன பாகம்தான். பெரிய பாகம், மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது. தலைவர், முன்னாள் தலைவர், தலைமையாசிரியர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பந்தலுக்கு இடம் கொடுத்தவர், இடம் கொடுக்க மறுத்து பிறகு மனம் மாறியவர் என்று ஒருவரையும் விடாமல் போர்த்தினார்.

இத்தனை பொன்னாடைக்கு செல்வின் எங்கே போவார் என்று கேட்பவர் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. நமக்குப் போர்த்திய பொன்னாடையை நாம் உடுத்துவதில்லை, விரிப்பதில்லை, எறிவதுமில்லை. மடித்து வைத்திருந்து அடுத்தவருக்குப் போர்த்திவிடுகிறோம். செல்வினுக்குச் சபை ஆண்டு விழா, வர்த்தக சங்கம், பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று வந்து சேர்ந்தவை ஏராளம். அவற்றை மனைவி ஜெபஷீலா பார்த்துக்கொண்டாள். கூட்டத்தன்று காலையில் வேண்டியதை எடுத்து, உதறி, சென்ட் அடித்து, ஜவுளிக்கடை பாலிதீன் கவரில் போட்டுக் கொடுப்பாள். கவர்களையும் அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். இஸ்திரி மட்டும் போடமாட்டாள். ஜரிகை சுருங்கிவிடும். பொன்னாடை வீட்டில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று செல்வின் கேட்டதில்லை. தலைவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

முதல் குழப்பம் ராயப்பன்பட்டியிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கிறிஸ்டோபர் போன் செய்தார்.

"செல்வின், எங்க வீட்ல உண்ணிப்பா."

"மாட்டுலயா சார்?"

"எங்கிட்ட ஏது மாடு?"

"நாய்லயா?"

"நாயும் இல்ல, பூனையும் இல்ல. நானும் எங்க வீட்டம்மாவும்தான் இருக்கோம். செவுத்துல ஏறுதுப்பா. மாதா படத்துக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கிருது."

செல்வின் ஒரு பாட்டில் மருந்தை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். தண்ணீரில் கலந்து தரையிலும் சுவர் இடுக்கிலும் தெளிக்க வேண்டியது அது. கிறிஸ்டோபர் சார் கூட்டத்தில் பார்த்ததை நினைவில் வைத்திருந்தார். ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து மறு கைப்பிடி வரைக்கும், சோபாவின் முதுகில் கோடு போட்டாற்போல ஊற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து தேவாரத்து முன்னாள் தலைவர் சுருளிராஜன் நேரிலேயே வந்தார். கடைப் பலகையில் ஒரு தீப்பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு உண்ணி நடந்துகொண்டிருந்தது.

"எங்கன இருந்துச்சு தெரியுமா? எம் பனியனுக்குள்ள. எனக்கு மாடு இருக்கா? சொல்லு, எனக்கு மாடு இருக்கா?"

"இல்ல தலைவரே."

"மாடு வச்சிருக்கிற பாண்டியம்மா வீட்ல ஒன்னு கிடையாது. அவ சிரிக்கிறா. உங்கள என்ன மாட்டுக் கொட்டத்துலயா படுக்கப் போட்டாகன்னு கேக்குறா. மருந்து ஊத்துன மாடு சும்மா இருக்கு, மாலை போட்ட மனுசன் சொறிஞ்சிக்கிட்டு இருக்கேன். என்ன இயக்கம்யா இது?"

அவர் போன பிறகு செல்வின் தீப்பெட்டியை மூடிவிட்டுக் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டினார். உண்ணி மாட்டில் இருக்கும், மருந்து ஊற்றினால் சாகும். அவர் படித்த படிப்பும் கம்பெனிக்காரர்கள் கொடுத்த புத்தகமும் அதைத்தான் சொல்லின. மாடு இல்லாத வீட்டில், அதுவும் ஊருக்குப் பெரிய மனிதர்கள் வீட்டில் மட்டும் உண்ணி வரும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பிறகு கோம்பையிலிருந்து ஒரு போன் வந்தது, பந்தலுக்கு இடம் கொடுத்தவர். சின்னமனூரிலிருந்து ஒன்று, மனம் மாறியவர்.

செல்வின் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். மருந்தின் வீரியம் தாங்காமல் உண்ணிகள் மாட்டை விட்டு ஓடுகின்றன. ஓடும்போது ஊரிலேயே நல்ல வீடாகப் பார்த்து நுழைகின்றன. இதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது ஓரளவு ஆறுதலாக இருந்தது. தங்கள் வீடு நல்ல வீடு என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அமானுல்லா அதைக் கேட்டுவிட்டு, போடிக்குச் சரக்கு எடுக்க வந்த நாளில் கடைக்கே வந்தார்.

"அண்ணாச்சி, பதிவு கேட்டேன். அருமை."

"வாங்க பாய். உக்காருங்க."

"ஒரு சந்தேகம். ஓடுற உண்ணி எட்டுக் காலை வச்சிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போகுமா? பாண்டியம்மா கொட்டத்துக்கும் சுருளிராஜன் வீட்டுக்கும் நடுவுல ஆறு இருக்குல்ல?"

"பாலம் இருக்குல்ல பாய்" என்றார் செல்வின். சொன்ன பிறகு அது அவருக்கே நன்றாகப் படவில்லை.

அமானுல்லா சிரிக்காமல் தலையாட்டினார். "எனக்கு என்னமோ உண்ணிக்கு மேடை ஆசை வந்திருச்சுன்னு தோணுது. பாருங்க, உங்க கூட்டத்துல கீழ தரையில உக்காந்தவுகளுக்கு ஒன்னுமில்ல. மேல ஏறுனவுகளுக்குத்தான் எல்லாம்."

கிண்டலுக்குச் சொன்ன அந்தச் சொல் செல்வினைத் தூங்கவிடாமல் அடித்தது. மேடையில் என்ன இருக்கிறது? நாற்காலி. நாற்காலி வாடகை நாற்காலி. வாடகைக் கடை உத்தமபாளையம். அமானுல்லாவும் உத்தமபாளையம். மறுநாளே போடியில் வேறு கடையில் நாற்காலி பேசி, அவற்றுக்கும் மருந்து தெளிக்கச் சொன்னார். அடுத்த கூட்டம் முடிந்தது. அடுத்த மேடைக்காரர் வீட்டிலும் உண்ணி வந்தது. செல்வின் பந்தல் துணியைச் சந்தேகித்தார். மாலையைச் சந்தேகித்தார். மேடையில் கொடுத்த பன்னீர் சோடாவைச் சந்தேகித்தார். கடைசியாக மருந்தையே சந்தேகிக்கத் தொடங்கி, அது தனக்கு வர வேண்டிய ஏஜென்சி என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

இதற்கிடையில் நிறைவு விழா வந்துவிட்டது. போடியில் கல்யாண மண்டபம் எடுத்து, மேலாளர் விஜய்ராஜைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். விஜய்ராஜ் மேடையிலேயே ஏஜென்ட் பெயரை அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். தோற்பதை நேரில் பார்க்கட்டும் என்று அமானுல்லாவுக்கும் பத்திரிகை வைத்தார். அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொகுத்து வழங்கிய சொர்ணலதா டீச்சர், "கால்நடைகளின் காவலர், உண்ணிகளின் எமன்" என்று செல்வினை அழைக்க, மண்டபம் கைதட்டியது.

ஜெபஷீலா மேடைக்குப் பின்னாலிருந்து தாம்பாளத்தை நீட்டினாள். பாலிதீன் கவருக்குள் பச்சைப் பொன்னாடை. செல்வின் வாங்கினார். கவருக்கு உள்பக்கம், ஜவுளிக்கடைப் பெயரின் மேல், பழுப்பாக ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"ஜெபா" என்றார். "இதை எங்கன இருந்து எடுத்த?"

"எங்கன இருந்து எடுப்பேன்? நம்ம வீட்ல இருந்துதான்."

"வீட்ல எங்கன?"

"பீரோவுல எடம் ஏது? பின்கட்டுலதான் அடுக்கி வச்சிருக்கேன். மேஜர் படுத்திருக்கும்ல, அங்கன."

"மேஜருக்குப் பக்கத்துலயா?"

"மேஜருக்குக் கீழ. அதுக்கும் மெத்துன்னு இருக்கும்ல? நீங்க கேக்குறப்ப அதை எந்திரிக்கச் சொல்லி ஒன்னை உருவுவேன்."

"எல்லாக் கூட்டத்துக்குமா?"

"பின்ன? அது மேல ஊருதுங்க, ஏதாச்சும் மருந்தப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? கோம்பை நாய்க்கு உண்ணி வராதுன்னு நீங்கதான சொன்னீக."

"இப்போது சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை!" என்றார் சொர்ணலதா டீச்சர்.

செல்வினுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்கியதால் குழப்பம் தீரவில்லை, கூடியது. விஜய்ராஜுக்குப் போர்த்தினால் உண்ணி மதுரைக்குப் போகும். போர்த்தாவிட்டால் ஏஜென்சி போகும். கவரைக் கைகள் தாமாகவே பிரித்தன. மைக்கைப் பிடித்தார்.

"சபையோரே! விருந்தினரை மதிப்பது யாராலும் முடியும். போட்டியாளரை மதிப்பதுதான் வியாபார தர்மம். என் முதல் மரியாதை அமானுல்லா பாய்க்கே!"

மண்டபம் அதிர்ந்தது. இப்படி ஒரு பெருந்தன்மையைப் போடி பார்த்ததில்லை. அமானுல்லா திகைத்து எழுந்து மேடைக்கு வந்தார். செல்வின் பொன்னாடையை அவர் தோளில் வீசினார். போர்த்தினார் என்று சொல்ல முடியாது, வீசினார்.

ஆனால் அமானுல்லாவும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான். "இம்புட்டு மரியாதை எனக்குத் தகாதுங்க. மதுரையில இருந்து வந்திருக்காக, அவுகதான் பெரியவுக" என்று பொன்னாடையை எடுத்து விஜய்ராஜுக்குப் போர்த்தினார். மறுபடியும் கைதட்டல். செல்வின் பாய்ந்து அதைப் பிடிக்கப் போனார். விஜய்ராஜ் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, "இயக்கத்தின் நாயகனுக்கு" என்று அவர் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றாகப் போட்டு, போட்டோவுக்காக முனையை இழுத்தும் பிடித்துக்கொண்டார். சொர்ணலதா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வின் அசையாமல் நின்றார். ஜரிகைக் கரையிலிருந்து உண்ணி ஒன்று இறங்கி அவருடைய சட்டைக் காலரில் ஏறியது. மேடைக்கு வந்த எல்லோரையும் போல அதுவும் கொஞ்ச நேரம் சபையைப் பார்த்து நின்றது.

"அண்ணாச்சி, ஆடாதீக" என்றார் அமானுல்லா. மைக் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு விரலால் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்தார். விஜய்ராஜ் குனிந்து பார்த்தார். எத்தனையோ வருடமாக உண்ணி மருந்து விற்றவர்.

"இது மாட்டு உண்ணி இல்லையே சார். நாய் உண்ணி."

மண்டபத்தில் எல்லோரும் ப்ளெக்ஸில் இருந்த நாயைப் பார்த்தார்கள். விழாவுக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த கிறிஸ்டோபர் சார் தன் தோளைத் தடவிப் பார்த்தார்.

"மேஜருக்கு எந்த மருந்து சார் குடுக்குறீங்க?" என்றார் விஜய்ராஜ், அக்கறையாகத்தான்.

"அது கோம்பை நாய் சார்."

"சரி சார். மருந்து?"

"கோம்பைங்க" என்றார் செல்வின் இன்னொரு தடவை. மேடையோரத்தில் ஜெபஷீலா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏஜென்ட் பெயர் அன்று அறிவிக்கப்படவில்லை. பிறகு கடிதமாக வந்தது, உத்தமபாளையத்துக்கு. பொன்னாடை வாங்கியவர்களுக்கு உண்ணி வந்ததைவிட, தங்களுக்குப் போர்த்தியது பழையது என்பதுதான் பெரிய வருத்தம். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களும் அதற்குள் அதை வேறு யாருக்காவது போர்த்தியிருந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஜெபஷீலாவின் கையிலேயே ஒன்று ஏறியது. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வேறு மாதிரி போனதால், செல்வின் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினார். நாய்க்குச் சாப்பிடக் கொடுக்கும் உண்ணி மாத்திரை இப்போது அங்கேதான் கிடைத்தது. கடை வாசலில் கூட்டம். வெயிலில் நின்றார். அமானுல்லா பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து டீ சொன்னார். செல்வினின் மனக்காட்சியில் இந்த டீ இருந்ததில்லை.

"நாய் எம்புட்டு எடை இருக்கும் அண்ணாச்சி? எடைக்குத் தக்கன மாத்திரை."

"தெரியல பாய்."

"ஒரு தடவகூடத் தூக்குனதில்லையா?"

"இல்ல."

"உத்தேசமா?"

செல்வின் ப்ளெக்ஸில் இருந்த அளவை நினைவுபடுத்திச் சொல்லப் பார்த்தார். அது ஆளுயரம். அமானுல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய கோம்பைக்கு ஆகிற மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஜெபஷீலாவிடம் நீட்டினார். சாப்பாட்டில் வைத்துக் கொடு என்றார்.

"நான் எதுக்கு? நீங்கதான தலைவரு. நீங்களே அது வாயில குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள்.

செல்வின் பின்கட்டுக் கதவு வரை போனார். உள்ளேயிருந்து மேஜர் ஒரு தடவை உறுமியது. மாத்திரை இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. செல்வினுக்கு அந்த நாயைக் கண்டால் பயம்.